மாமியாரிடம் கடன் வாங்கிய கம்பெனி

எங்கள் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களிலேயே மிகவும் கறாரானவர் என் மாமியார். வங்கியில் ஒரு தவணை தள்ளிப்போனால் நோட்டீஸ் வரும். படித்துவிட்டு மேசை டிராயரில் போட்டுவிடலாம். மாமியாருக்கு வட்டி ஒரு நாள் தள்ளிப்போனால் அன்றைக்கு வீட்டில் ரசம் மட்டும்தான். அறைக் கதவில் மேனேஜிங் டைரக்டர் என்று பலகை மாட்டியிருந்த என் மாமனாருக்கும் அதே ரசம்தான்.

கடன் உள்ள கம்பெனிக்குக் கடன் இல்லாத கம்பெனியைவிட மதிப்பு ஏன் கூடுகிறது என்பதற்குப் பாடப் புத்தகங்களில் சூத்திரம் இருக்கிறது. நானும் அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி மார்க் வாங்கியவள்தான். ஆனால் அது எனக்குப் புரிந்தது ராஜபாளையத்தில், மாமியார் உருவில் அது கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தபோதுதான்.

என் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். இரண்டு ஊருக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போடுகிற தூரம். எம்.காம். படித்த பெண் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத்தான் பெண் எடுத்தார்கள். எடுத்த பிறகு முதல் ஆறு மாதம் அவர்கள் என்னிடம் கேட்ட ஒரே கணக்கு, பால் கணக்கு. எனக்குப் பொறுமை குறைவு. ஏழாவது மாதம் நானாகவே ஆபீஸுக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் கணவருக்குத் தெரியும்.

கம்பெனியில் பேண்டேஜ் துணி நெய்தோம். தறியிலிருந்து இறங்கும் துணியை வெளுத்து, காயப்போட்டு, வெட்டிச் சுருட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவோம். மாமனாரும் அவர் தம்பியும் பாதிக்குப் பாதி பங்கு வைத்திருந்த பிரைவேட் லிமிடெட் கம்பெனி. தொடங்கியது மாமனார். நான்கு தறியில் ஆரம்பித்து, அதை ஒரு மில் என்று வாய்கூசாமல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்தவர். காலையில் தறிச் சத்தம் கேட்டால்தான் அவருக்குப் பசியே எடுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சரியாகச் சாப்பிட மாட்டார்.

மாமனாருக்குக் கடன் என்றால் ஆகாது. புதுத் தறிகள் வாங்க நான்கு லட்சம் வங்கிக் கடன் எடுத்தது சின்ன மாமனார். அண்ணனிடம் கையெழுத்து வாங்குவதற்கு அவர் ஒரு மாதம் அலைந்தார். கடன் கொடுத்த வங்கி, இந்த இயந்திரங்களும் சரக்கும் இன்ன வங்கிக்கு ஈடாக உள்ளன என்று ஒரு தகரப் பலகை எழுதி மில் வாசலில் மாட்டச் சொன்னது. எல்லா மில்லிலும் இருக்கிற பலகைதான். என் மாமனாருக்கு மட்டும் அது நெற்றியில் மாட்டியதுபோல இருந்தது. அதன்மேல் ஒரு பெரிய சாமி காலண்டரைத் தொங்கவிட்டார். வங்கியிலிருந்து சோதனைக்கு வரும் அதிகாரி காலண்டரைக் கழற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். அவர் ஜீப் தெரு முனை திரும்பியதும் காலண்டர் மறுபடி ஏறும். வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வருகிறவர்கள் மில்லைப் பார்க்க வந்தால் காலண்டர் போதாது என்று, வெளுத்த பேண்டேஜ் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவார். பார்க்கிறவர்கள் வாசல் பலகைக்கு என்ன அடி பட்டது என்று கேட்காததுதான் பாக்கி.

இப்படி இருக்கையில் சின்ன மாமனார் பிரிய வேண்டும் என்றார். சண்டை ஒன்றும் இல்லை. கூமாப்பட்டியில் அவருடைய மாமனார் வீட்டில் தென்னந்தோப்பும் ரைஸ் மில்லும் இருந்தன. பார்க்க ஆள் இல்லை. பங்கைப் பணமாக்கிக்கொண்டு அங்கே போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. இருவரில் ஒருவர் விலை சொல்ல வேண்டும். அந்த விலைக்கு எடுத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று முடிவு செய்வது மற்றவர். மூத்தவர் விலை சொல்வார். இளையவர் முடிவு சொல்வார். இதில் ஏமாற்ற வழியே இல்லை. கூட்டிச் சொன்னால் கூடுதல் விலைக்குத் தன் தலையிலேயே விழும். குறைத்துச் சொன்னால் மில்லே கையை விட்டுப் போகும். சின்ன மாமனாருக்குத் தெரிந்த வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் மொத்தமாக வாங்கத் தயாராக இருந்தார். ஆக, விலை குறைந்தால் சின்ன மாமனார் எடுத்து, மறுவாரமே அவரிடம் தள்ளிவிடுவார். தப்பும் கிடையாது. மாமனாருக்கு மில் நிலைக்குமா என்பது, கம்பெனியின் மதிப்பு என்ன என்பதை அவர் எவ்வளவு சரியாகச் சொல்கிறார் என்பதில் இருந்தது.

மாமனார் அதற்கு முதல் வேலையாக என்ன செய்யலாம் என்று யோசித்தார். வங்கிக் கடனை அடைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

"கடனோட இருக்க கம்பெனிக்கு என்ன விலை சொல்லுததாம்? அடைச்சுச் சுத்தமாக்கிட்டுத்தான் பேச்சு" என்றார்.

பணத்துக்கு அவர் பார்த்து வைத்திருந்தது வன்னியம்பட்டி நிலம். அது மாமியாருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. மாமியார் பெயரில்தான் இருந்தது.

எங்கள் ஆடிட்டருக்கு மூச்சு முட்டிவிட்டது. அவர் ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களோடு தமிழில் பேசுவார். கூட்டல் கழித்தல் மட்டும் தெலுங்கில் முணுமுணுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, மாமனார், என் கணவர், நான் மூன்று பேரையும் உட்காரவைத்தார். அடுக்களை வாசலில் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வருசம் பூரா மில்லு கறந்து வச்ச பாலு ஒரு பானை இருக்குன்னு வைங்க" என்று ஆரம்பித்தார். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி என்பதால் என்னை வைத்துக்கொண்டு யார் எதை விளக்கினாலும் பாலில்தான் போய் முடியும். எரிச்சலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"பானைக்கு முன்னால மூணு பேரு சொம்போட நிக்காங்க. மொத ஆளு வட்டிக்காரரு. ரெண்டாவது சர்க்காரு. மூணாவது நீங்களும் உங்க தம்பியும். வட்டிக்காரரு மொண்டது போக மிச்சத்துலதான் சர்க்காரு பாதி கேக்கும். வட்டிக்காரரை வெரட்டி விட்டுட்டீகன்னா, முழுப் பானையிலயும் பாதி கேக்கும்."

அப்போதெல்லாம் எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு லாபத்தில் பாதிக்கு மேலேயே வரி போகும். ஆடிட்டர் எங்கள் மனம் நோகக் கூடாது என்று பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

மாமனார் மந்தமானவர் இல்லை. "வட்டிக்காரன் மொண்டுட்டுப் போறானே, அது மட்டும் எனக்கா வருது?" என்று சரியான கேள்வியைக் கேட்டார்.

"வரல. ஆனா அவரை வெரட்டணும்னா நீங்க நாலு லட்சம் போடணும்ல. அந்தப் பணம் சும்மா கெடக்குமா? அதுக்கும் கூலி வேணும். அந்தக் கூலியை வட்டியா எடுத்தா சர்க்காருக்கு முன்னால நிக்கலாம். லாபமா எடுத்தா சர்க்காருக்குப் பின்னால நிக்கணும். ஒரே பானை, ஒரே பாலு. நிக்க வரிசையில இருக்கு அண்ணாச்சி எல்லாம்."

என் கணவர் எதையும் கொஞ்சம் அதிகமாகவே புரிந்துகொள்வார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப மொத்த மில்லையும் கடன்லயே நடத்திரலாமே" என்றார்.

"நடத்தலாம் தம்பி. மாடு கறக்காத மாசமும் வரும்லா? கரண்டு இல்லாம தறி நின்னு போச்சுன்னா சர்க்காரு சொம்பைக் கவுத்திட்டுப் போயிரும். லாபம் இல்லேன்னா அதுக்கு வேலை கெடையாது. வட்டிக்காரரு போக மாட்டாரு. வாசல்லயே நிப்பாரு. பொறவு பானையையே தூக்கிட்டுப் போவாரு."

கணவர் பழையபடி சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு. கம்பெனி ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. நீங்க உங்க வீட்டுப் பணத்தைச் சும்மா உள்ள போட்டுட்டு, பொறவு பாகம் பிரிச்சா, நாலு லட்சத்துல ரெண்டு லட்சம் உங்க தம்பிக்குச் சீர் குடுத்த கணக்கு."

"குடுத்தா என்ன? அவன் என்ன அடுத்த வீட்டுக்காரனா?" என்றார் மாமனார். அதோடு பேச்சு முடிந்தது. ஆடிட்டர் தெலுங்கில் எதையோ கழித்துக்கொண்டே போனார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது, குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த மாமியாரிடம், "வன்னியம்பட்டி நெலத்தைக் குடுத்துரலாம்னு இருக்கேன். பார்ட்டி வாரான்" என்றார். உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

மாமியார் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தார். எல்லாருக்கும் ரசம் ஊற்றினார், மோர் ஊற்றினார். பிறகு சொன்னார்: "குடுக்கலாம். ஆனா பணம் எம் பேர்ல கம்பெனிக்குக் கடனா ஏறணும். பேங்க்ல எம்புட்டு வட்டி குடுத்தீகளோ, அம்புட்டு எனக்கும் குடுக்கணும்."

மாமனாருக்குப் புரையேறியது. என் கணவர் தண்ணீர் சொம்பை நகர்த்தினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். கொழுந்தனாருக்கு இரண்டு லட்சம் சீர் போவது மாமியாருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

மறுநாள் ஆடிட்டருக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் அவர் மகள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. வங்கிக்காரர் போய், அவர் நின்ற இடத்தில் வீட்டுக்காரம்மா சொம்போடு வந்து நிற்கிறார். வட்டி அதே வட்டி. வரி ஒரு ரூபாய் கூடாது. மொண்ட பால் வீட்டுக்கே வருகிறது. தம்பிக்குச் சீரும் போகவில்லை. ஆடிட்டர் கையோடு பத்திரம் எழுதினார். எத்தனை வருஷத்துக் கடன் என்று கேட்டதற்கு மாமியார், "அஞ்சு வருசம். அதுக்கு முன்னால திருப்பிக் குடுத்தாலும் வாங்க மாட்டேன்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

வங்கிக் கடனை அடைக்கிற அன்றைக்கு மாமனார் எங்கள் ஊர்ப் பால்கோவா இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனார். மேனேஜர் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, விழுங்க முடியாமல், "சார், ஒரு ஐம்பதாயிரமாவது பாக்கி வையுங்களேன். என் பிராஞ்சிலேயே ஒழுங்கா கட்டுற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றார். மாமனார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீடு வந்தார். வந்ததும் வாசல் பலகையைக் கழற்றி மில்லுக்குப் பின்னால் எறிந்தார். காலண்டரை மட்டும் எடுக்கவில்லை, பழகிவிட்டது.

நிம்மதி முப்பது நாள் இருந்தது. முதல் தேதி காலை, மாமியார் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, கைப்பையோடு, வீட்டிலிருந்து எட்டி நடந்தால் வந்துவிடுகிற மில்லுக்கு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். நேராக ஆபீஸுக்குள் வந்து மாமனாருக்கு எதிரில், பார்ட்டிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை அவர் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் மில்லுக்குள் வந்திருந்தார்.

"என்ன?" என்றார் மாமனார்.

"ஒண்ணாந்தேதி" என்றார் மாமியார்.

நான்தான் செக் எழுதினேன். எழுதியதில் தகராறு. கடன் வட்டியில் சட்டப்படி வருமான வரிக்கு ஒரு தொகை பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்க வேண்டும். மாமியார் செக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல கொறையுதே."

"வரி பிடிச்சிருக்கு அத்தை. சர்க்காருக்குக் கட்டிருவோம். உங்களுக்கு வரி வராதுன்னா வருசக் கடைசியில திரும்ப வாங்கித் தாரேன்."

"எம் பணம். நான் குடுத்த கடன். அதுல பிடிச்சுக்க நீ யாரு? ரோட்டுல போற வட்டிக்காரிகிட்ட இப்படிப் பிடிப்பியா?"

"ரோட்டுல போறவங்க பத்திரம் எழுத மாட்டாங்க அத்தை" என்றேன். இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்தது. மாமனார் ஜன்னல் வழியாகத் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பிடித்த தொகையை அவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து ஆளை அனுப்பினார். அடுத்த மாதம் முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. ஆடிட்டரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாமியாரின் பேச்சே மாறிவிட்டது. கடன் கொடுத்தவருக்குத் தொழிலைப் பார்க்க உரிமை உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நானாகத்தான் இருக்கும். குடோனில் ஆள் இல்லாத நேரத்தில் விசிறி ஏன் ஓடுகிறது என்று கேட்டார். வெட்டுகிற மேசையில் விழும் ஓரத் துணியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, கேட்ட கையோடு அதற்கு விலையும் பேசி முடித்தார். மாமனார் புதுச் செருப்பு வாங்கி வந்தபோது, "பார்ட்டிக்கு இப்ப இது தேவையா?" என்று என்னிடம் கேட்டார். பார்ட்டி என்றால் அவர் வீட்டுக்காரர். முதல் தேதிகளில் பார்ட்டி பின்வாசல் வழியாக மில்லுக்குள் போகத் தொடங்கினார்.

வருஷக் கடைசியில் ஆடிட்டர் கணக்கை முடித்துக்கொண்டு வந்தார். வரி போன வருஷத்தைவிட ஏறவில்லை. வட்டி வெளியே போகவில்லை. மில் அதே மில், தறி அதே தறி. வீட்டுக்கு வந்த பணம் மட்டும் கூடியிருந்தது. மாமனார் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இது சட்டப்படி சரிதானா? இன்னொரு தடவை பாத்துரும். பொறவு வந்து கைய வச்சிரப் போறாங்க" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அரசாங்கம் தெரியாமல் செய்த பிழை இது, நாளைக்கே திருத்திவிடுவார்கள் என்று கடைசி வரை நம்பினார்.

விலை சொல்கிற நாள் புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலைப் பெருமாள் சன்னதி என்று முடிவாயிற்று. சாமி முன்னால் சொன்ன விலையை யாரும் மாற்ற மாட்டார்கள். முந்தின வாரமே ஆடிட்டர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். மொத்த மில்லுக்கு ஒரு மதிப்பு. அதில் மாமியார் கடனைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கினால் ஒரு பங்கின் விலை. அந்த ஒரு எண்ணைத்தான் மாமனார் சொல்ல வேண்டும். மனப்பாடம் ஆகிற வரைக்கும் என்னிடம் ஒப்பித்தார்.

மலை ஏறி, கூட்டத்தில் நசுங்கி, தரிசனம் முடித்து, கீழே இறங்கி வந்து ஒரு மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்தோம். ஆடிட்டர் கையில் புளியோதரை. சின்ன மாமனார் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொல்லுங்கண்ணே" என்றார்.

மாமனார் சொன்னார். அவர் சொன்ன எண் நான் ஒப்பிக்கக் கேட்ட எண் இல்லை. இரண்டு லட்சம் குறைந்திருந்தது.

ஆடிட்டரின் புளியோதரை பாதி வழியில் நின்றது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. சன்னதியில் நிற்கும்போது மாமனாருக்கு மனசு உறுத்தியிருக்கிறது. நாலு லட்சம் கடன் இருக்கிற கம்பெனிக்குத் தம்பியிடம் இவ்வளவு விலை சொல்வது நியாயமா என்று யோசித்து, ஒரு பங்குக்கு வரும் பாதிக் கடனைக் கழித்திருக்கிறார். ஆடிட்டர் ஏற்கனவே கழித்துவிட்டதை அவர் மறுபடியும் கழித்துவிட்டார். கடன்மேல் அவருக்கு இருந்த வெட்கம் ஒரு தடவை கழித்தால் தீருகிற வெட்கம் இல்லை.

சாமி முன்னால் நினைத்த விலை. மாற்ற முடியாது. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே எழுந்து அவரைக் கேட்டிருப்பேன். கணவர் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். சின்ன மாமனார் முட்டாள் இல்லை. அந்த விலைக்கு எடுத்து விற்றால் என்ன கிடைக்கும் என்பது அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தவர், திடீரென்று மாமியார் பக்கம் திரும்பினார்.

"மதினி, உங்க கடனும் கம்பெனியோடயே வருமா?"

"வரும்."

"நான் எடுத்த ஒடனே திருப்பிக் குடுத்துட்டா?"

"அஞ்சு வருசம் கழிச்சுத்தான் வாங்குவேன். எழுதியிருக்கு."

"வெளியாளுக்கு வித்தாலும்?"

"வித்தா அவரு பொறுப்பு ஏத்துக்கணும். அதுவரைக்கும் நீங்கதான். நான் கூமாப்பட்டிக்கு வந்து வாங்கிக்கிடுதேன். ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கெழமையா வந்தா சனிக்கெழமையே வந்துருவேன்."

சின்ன மாமனார் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு, "நான் குடுத்துர்றேண்ணே. நீங்களே வச்சுக்கோங்க" என்றார்.

கடன் கம்பெனியின் மதிப்பைக் கூட்டும், அளவு மீறினால் குறைக்கும் என்று புத்தகத்தில் உண்டு. கடன் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தும் மாறும் என்று ஒருவரும் எழுதவில்லை. ஆடிட்டர் புளியோதரையைத் தொடர்ந்தார்.

மில் தங்கியது என்று நாங்கள் நினைத்தது ஒரு வாரம்தான். தம்பி பங்குக்குத் தீபாவளிக்குள் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் மொத்த மில்லையும் வெளியூர்ப் பார்ட்டிக்கே விற்று, மாமியார் கடனையும் அதிலேயே தீர்த்துவிட்டு, மிச்சத்தைப் பிரித்துக்கொள்வது என்பது பேச்சு. மாமியாரும் அதற்குத் தலையாட்டியிருந்தார். கையில் பணம் கிடையாது. கடனே ஆகாது என்றவர் இப்போது முன்பு அடைத்ததைவிடப் பெரிய கடனுக்கு வங்கிப் படி ஏற வேண்டும். அதை எந்த வழியில் கொடுப்பது என்று ஆடிட்டரும் மேனேஜரும் இரண்டு நாள் பேசினார்கள். அந்த வழியை எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். மேனேஜர் இந்தத் தடவை பால்கோவாவைத் தானே வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வங்கிக் கடன் ஏழு வருஷம். அது தீருகிற வரைக்கும் மாமியார் தன் நாலு லட்சத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது; வட்டி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு கையெழுத்து. எல்லா வங்கியும் கேட்பதுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்றவருக்கு ஏழு வருஷம் என்ன பெரிது என்று நினைத்தோம். மாமியார் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மேனேஜர் கேட்டுப் பார்த்தார். ஆடிட்டர் வந்து பானை, பால், சொம்பு எல்லாவற்றையும் மறுபடி எடுத்து வைத்தார். என் கணவர் கேட்டார். நான் கேட்டேன், கேட்டது பத்தாது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தேன். "போட மாட்டேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. மாமனார் மில்லிலிருந்து வந்தால் நேராகப் படுக்கைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அந்த நாட்களில் அவர் தறி தறியாக நின்று பார்த்துவிட்டு வருவதாக ஆட்கள் சொன்னார்கள். எனக்குப் பாவமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அத்தை, உங்களுக்கு என்னதான் வேணும்? மில்லு போயிரும்."

"தெரியும்" என்றார். "மானேசர் வந்து கேட்டாரு. ஆடிட்டர் கேட்டாரு. ஒம் புருசன் கேட்டான். நீ கேட்ட. கடன் வாங்குத ஆளு இன்னும் கேக்கலியே. எந்த ஊர்ல வாங்குதவன் வாயத் தொறக்காம கடன் குடுக்காக?"

நான் உள்ளே போய் மாமனாரிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து முகம் கழுவினார். சலவைச் சட்டை எடுத்துப் போட்டார். மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டார். வங்கிக்குப் போகும்போது போடுகிற அதே கோலம். அப்படியே வந்து, சொந்த வீட்டுக் கூடத்தில், தரையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த தன் மனைவி முன்னால் நின்றார்.

"எனக்கு ஒங்கிட்ட ஒரு ஒத்தாசை வேணும்" என்றார்.

மாமியார் நிமிரவில்லை. "கம்பெனிக்கா, உங்களுக்கா?"

"எனக்கு. மில்லு போயிட்டா காலைல எந்திரிச்சு எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. நீ பாத்துக் குடுத்தாத்தான் உண்டு. கையெழுத்துப் போடுவியா?"

அந்த வீட்டுக்கு வந்த பிறகு, மாமனார் மாமியாரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சொல்வார், தகவல் கொடுப்பார். மாமியார் பூவைக் கீழே வைத்தார். "ஒக்காருங்க" என்றார். அவர் தரையிலேயே உட்கார்ந்தார். நான் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். மாமியார் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துப் பேனாவை மூடும்போது, அவரைப் பார்க்காமல் சொன்னார்:

"இப்படி ஒரு வார்த்தை அன்னைக்கே கேட்டிருந்தீகன்னா, நெலத்தை வித்துச் சும்மாவே குடுத்திருப்பேன். கடனும் வேண்டாம், வட்டியும் வேண்டாம்னு."

மாமனார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காகிதத்தை ஆடிட்டரிடம் கொடுக்கப் போனபோது நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கவனமாகக் கேட்டார். பென்சிலை எடுத்து ஓரத்தில் தெலுங்கில் முணுமுணுத்துக் கூட்டிப் பார்த்தார். சும்மா கொடுத்திருந்தால் வரி எவ்வளவு ஏறியிருக்கும், தம்பிக்கு எவ்வளவு போயிருக்கும், திருவண்ணாமலை மரத்தடியில் சின்னவர் யாருக்கும் பயப்படாமல் மில்லை எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்பது வரைக்கும் கணக்குப் போட்டார்.

"நல்லவேளைம்மா, அண்ணாச்சி அன்னைக்குக் கேக்கல" என்றார்.

கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். ஒரு பைசா தப்பு இல்லை. ஆனாலும் அந்த மனிதரை அன்றைக்கு நான் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் வந்தேன்.